76 வயது அப்பாவுக்குப் பிரீபயாடிக் பவுடர் கொடுக்கலாமா?

கெடிலக்கரையான்: அப்பாவுக்கு மூணு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது, அதுவும் முக்கி முக்கி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையில் இனுலின் பவுடர் டப்பாவை நீட்டுகிறார்கள். வாங்கலாமா?

லாஸ்பேட்டை அக்கா: தாராளமா வாங்குங்க தம்பி. காப்பித்தூளில் கலக்கிறாங்களே சிக்கரி, அதன் வேரில் இருக்கும் நார்ச்சத்துதான் இனுலின். சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும் (பிரீபயாடிக்னு சொல்றது இதைத்தான்), மலமும் இளகும். (அதுக்காகக் காப்பியைக் கூட்டிடாதீங்க, வறுக்கும்போதே நிறையப் போயிடும்.) நாளுக்கு 12 கிராம் சிக்கரி இனுலின் எடுத்தால் மலம் கழிவது கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2015ல் ஒப்புக்கொண்டது.

முதுநகர் தாத்தா: அந்த 12 கிராம்தான் சூட்சுமம். டப்பாவின் ஸ்பூன் 3 கிராம் பிடித்தால் நாளுக்கு நாலு ஸ்பூன், மாதம் 360 கிராம். கடைக்காரர் ஏன் நீட்டமாட்டார்? அந்த ஒப்புதலும் உணவுப் பொருளின் மேல் அச்சடிக்கிற வாசகத்துக்குத்தான். நோய்க்கு மருந்து என்று அது சொல்லவில்லை. போதாக்குறைக்கு பாக்டீரியா தின்றால் கேஸ் வரும், வயசானவருக்கு வயிறு உப்பிக்கொள்ளும். இசப்கோல் (ஒரு விதையின் உமி) குடலில் அவ்வளவாகப் புளித்துக் கேஸ் ஆகாது, தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். விலையும் குறைவு.

லாஸ்பேட்டை அக்கா: எடுத்ததுமே 12 கிராம் யார் கொடுக்கச் சொன்னது? ஒரு ஸ்பூனில் தொடங்கி ஒரு வாரம் பார்த்துக் கூட்டணும். இசப்கோல் மட்டும் சும்மாவா? ஒரு டம்ளர் தண்ணீர் முழுசா குடிக்காவிட்டால் தொண்டையிலேயே அடைக்கும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

மாத்திரைப் பட்டை: நான் மருந்தாளுநர். இரண்டு பேரும் பவுடரிலேயே நிற்கிறீர்கள். தம்பி, அப்பா என்னென்ன மாத்திரை போடுகிறார்?

கெடிலக்கரையான்: பிரஷருக்கு ஒன்று, கால்சியம், இரும்புச்சத்து. முட்டிவலிக்கு டிரமடால் கலந்த ஒன்று. ராத்திரி எழுந்திருக்கணுமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் தொடமாட்டார்.

மாத்திரைப் பட்டை: கால்சியம், இரும்பு, டிரமடால் மூன்றுமே குடலைக் கட்டிப்போடுபவை. மேலே எந்தப் பவுடரைக் கொட்டினாலும் மல்லுக்கட்டுதான். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், பட்டைகளை அப்படியே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, திடீரென்று வந்த மாற்றம் என்று ஏதாவது இருந்தால் கடலூர் ஜி.எச்.சோ ஜிப்மரோ, உடனே போங்கள்.

முதுநகர் தாத்தா: அப்படிச் சொல்லுங்க! தண்ணீரைப் பகலிலேயே குடிக்கவைக்கணும். காலையில் பழைய சோறு, கூடவே சின்ன வெங்காயம். அந்த வெங்காயத்திலும் இனுலின் இருக்கிறதே அம்மா, டப்பா எதற்கு?

மாத்திரைப் பட்டை: ஐயா, வெங்காயத்திலேயே 12 கிராம் சேர்க்க தினமும் நிறைய உரிக்கணும். தண்ணீர் விஷயத்திலும் கிட்னி, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு டாக்டர் சொல்வதுதான்.

லாஸ்பேட்டை அக்கா: சரி, மாத்திரையை டாக்டர் பார்க்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இசப்கோலின் வழவழப்பு பிடிக்காமல் எங்க மாமியார் முதல் வாயிலேயே துப்பிட்டாங்க. இனுலினை மோரில் கலக்கினால் கரைஞ்சு போயிடும், லேசா ஒரு இனிப்பு, அவ்வளவுதான். எதுவானாலும் அந்த மனுஷர் குடிக்கணுமே தாத்தா?