கியர்பாக்ஸ் பக்கத் தட்டை மாற்றாமல் ரேஷியோவை (வேகக் குறைப்பு விகிதத்தை) மாற்ற வழி உண்டா?

அச்சாணி:
எஃப்ஆர்சி என்ற பள்ளி மாணவர் ரோபோ போட்டிக்கு ஆறு சக்கர டிரைவ் (ரோபோவை ஓட்டும் பகுதி). சக்கரம் 6 அங்குலம், பக்கத்துக்கு இரண்டு நியோ மோட்டார், 20 டிபி கியர் (டிபி: விட்டத்தின் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல் என்ற அளவு). களத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ நேரலாம். தட்டை லேசரில் ஒருமுறைதான் வெட்ட முடியும். எப்படித் திட்டமிடுவது?

பினியன்14:
பற்களின் கூட்டுத்தொகை மாறாவிட்டால் அச்சுகளின் இடைவெளியும் மாறாது. 20 டிபியில் கூட்டுத்தொகையை 40-ஆல் வகுத்தால் இடைவெளி அங்குலத்தில் வரும். 64 பல் என்றால் 1.6 அங்குலம், அதாவது 40.64 மிமீ. இதோடு 0.08 மிமீ சேர்த்து வரையுங்கள், கியர் இறுகாது.

முதல் கட்டம் 14:50 (14 பல் கியர் 50 பல் கியரைச் சுழற்றுவது) அப்படியே இருக்கட்டும். இரண்டாம் கட்டத்தில் 14:50 போட்டால் மொத்தக் குறைப்பு 12.76, 16:48 என்றால் 10.71, 19:45 என்றால் 8.46. ஒரு ஜோடியைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது.

இரண்டு இடங்களில் இடிக்கும். நியோவின் விட்டம் 60 மிமீ. இரண்டு பினியனும் (மோட்டார் முனையிலுள்ள சிறு கியர்) ஒரே 50 பல் கியரில் பொருந்த, மோட்டார்களுக்கு நடுவே குறைந்தது 96 பாகையாவது கோணம் வேண்டும். அந்த 50 பல் கியரின் விளிம்புக்கும் அரை அங்குல அறுகோண வெளியீட்டு ஷாஃப்டின் மூலைக்கும் இடையே அரை மிமீகூட மிஞ்சாது. அந்த இடத்தில் ஷாஃப்டில் வட்ட ஸ்பேசர் போட்டால் கியர் உரசும்.

பேரிங் துளையை லேசரிலேயே முழு அளவுக்கு வெட்டாதீர்கள், துளை சரிவாக வரும். சிறிதாக வெட்டி, 28.575 மிமீக்கு ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி) போடுங்கள்.

செயின்25:
வேகத்தை மட்டும் பார்த்து 8.46-க்குப் போக வேண்டாம். சுமையில்லாக் கணக்கில் 10.71-க்கு நொடிக்கு 4.2 மீட்டர், 8.46-க்கு 5.4. பம்பர், பேட்டரி சேர்த்து 68 கிலோ, உராய்வு 1.1, கியர் இழப்பு பத்து சதவீதம் என்று வைத்தால், எதிரணியைத் தள்ளும்போது சக்கரம் வழுக்க 10.71-இல் ஒரு மோட்டாருக்குச் சுமார் 59 ஆம்பியர் தேவை. 8.46-இல் அது 74. நான்குக்கும் சேர்த்து 300-ஐ நெருங்கும். பேட்டரி மின்னழுத்தம் சரிந்து, ரோபோரியோ (ரோபோவின் கட்டுப்பாட்டுக் கணினி) மோட்டார்களை நிறுத்திவிடலாம். மென்பொருளில் 50 ஆம்பியர் வரம்பு வைத்தால் தப்பலாம், ஆனால் தள்ளும் பலம் குறைந்துவிடும். முதலில் 10.71 போட்டு ஓட்டுங்கள்.

அச்சாணி:
சரி, 10.71-இலேயே தொடங்குகிறேன். மோட்டார் திருகுகளுக்கு லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போதுமா?

பினியன்14:
போதும், நீலம் போடுங்கள். பாலிகார்பனேட் மூடியில் மட்டும் படக்கூடாது, விரிசல் விட்டுவிடும். திருகின் நீளத்தையும் பாருங்கள், அதிகமானால் மோட்டாரின் உள்ளே இடிக்கும்.