வேலை நடுவில் கூப்பிட்டால் எங்கே விட்டீர்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

அரைகுறை ஆய்வாளன்:
ஏசிடி-ஆர் என்பது மனித மனம் வேலை செய்யும் விதத்தைக் கணினியில் போலச்செய்ய உதவும் ஒரு மென்பொருள், அதற்கு மேல் இங்கே விளக்க வேண்டாம் என நினைக்கிறேன். அதில், ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ்கள் மருந்து கொடுக்கும்போது குறுக்கிட்டால் எந்தப் படியில் தடுமாறுகிறார்கள் என்று மாடல் எழுதினேன். உளவியல் ஆய்வாளர்கள் ஆல்ட்மன், டிராஃப்டன் 2002இல் சொன்னதுதான் அடிப்படை: விட்ட வேலையின் நினைவு மங்கிக்கொண்டே போகும், திரும்பும்போது அதைக் கிளப்பிவிட ஏதாவது கண்ணில் பட வேண்டும். நேரில் பார்க்கப் போன அன்று, ஒரு சிஸ்டர் சார்ட் பார்க்கும்போது ஃபோன் அடித்தது. இடது கட்டைவிரலை அந்த வரியில் ஊன்றிக்கொண்டே பேசி முடித்தார், விரலைப் பார்த்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். என் மாடலுக்குக் கட்டைவிரலே இல்லை. ஆறு மாத உழைப்பு!

நைட்டூட்டி:
தம்பி, விரலை ரொம்ப நம்பாதீங்க. நானும் நர்ஸ்தான். எனக்கும் விரல் சரியான வரியில்தான் இருந்தது, ஆனால் கொடுத்தாச்சா, இனிமேல்தான் கொடுக்கணுமா என்பதை விரல் சொல்லாதே. புது ஆம்பியூலை (ஊசி மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) உடைக்கப் போனேன், டிரேயில் காலியாக ஒன்று கிடந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவில் 98 நர்ஸ்களைக் கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துப் பிழை 12.7 சதவீதம் கூடியதாம். எனக்கு ஆச்சரியமே இல்லை.

கேஷ் கவுண்டர்:
குறுக்கீடு என்றாலே கெடுதல் என்று எல்லோரும் பேசுவது எரிச்சலாக இருக்கிறது. ஆய்வாளர் குளோரியா மார்க் குழு 2008இல் செய்த சோதனையில் குறுக்கிடப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமே முடித்தார்கள், தரமும் குறையவில்லை. டென்ஷன்தான் கூடியது. நானும் அப்படித்தான், ஒரு பெரியவர் "பென்ஷன் வந்துடுச்சாப்பா" என்று கேட்க, பதில் சொல்லிவிட்டுக் குனிந்தால் கையில் இருப்பது 37ஆவது நோட்டா, 47ஆவதா? முதலிலிருந்து எண்ணினேன், அவ்வளவுதான்.

நைட்டூட்டி:
அந்தச் சோதனையில் மெயிலுக்குப் பதில் எழுதினார்கள் சார். அதுவும் ஊசியும் ஒன்றா? நோட்டைத் திரும்ப எண்ணலாம், போட்ட மருந்தை?

ஒர்க்‌ஷாப் மாமா:
வீல் நட் முடுக்கும்போது ஃபோன் வந்து, ஒன்றை முடுக்காமலே வண்டியை அனுப்பிவிட்டேன், தெருமுனையில் ஓடிப் பிடித்தேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: கூப்பிட்டதும் நிமிராதீர்கள். "அடுத்தது மூணாவது நட்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நிமிருங்கள். ஸ்பேனரை அந்த நட்டிலேயே மாட்டி வையுங்கள், பாக்கெட்டில் போடாதீர்கள். சின்னக் குறுக்கீடுதானே என்றும் நினைக்காதீர்கள். 2014இல் அதே ஆல்ட்மன் குழு சராசரியாக 2.8 நொடி குறுக்கிட்டதற்கே வரிசைப் பிழை, அதாவது ஒரு படியைத் தவறவிடுவதோ திரும்பச் செய்வதோ, இரண்டு மடங்கானது. சந்தேகமா, முதல் நட்டிலிருந்து திரும்பவும் முடுக்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரைகுறை ஆய்வாளன்:
மாமா, ஸ்பேனரும் கட்டைவிரலும் ஒரே ஜாதி, குறித்துக்கொண்டேன். சிஸ்டர், அந்தக் காலி ஆம்பியூலை எப்போது குப்பையில் போடுவீர்கள்? ஊசி போட்ட உடனேயா, சார்ட்டில் கையெழுத்து போட்ட பிறகா?