குறிகாட்டியா, தடயமா, 'நோய்த்துப்பு' என்போமா?

ஐயாவுக்கு வணக்கம். நோயை அறிய இரத்தத்தில் அளந்து பார்க்கும் பொருளான 'பிளட் மார்க்கருக்கு'க் 'குருதிக் குறிகாட்டி' போதுமே, இன்னொரு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். 'காட்டி' என்றதும் அவர்களுக்கு ஞாபகம் வருவது பாசிச்சாயத்தாள் (லிட்மஸ்)தான்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம், கதை முடிந்தது. மூளையுறை அழற்சி (மெனிஞ்சைட்டிஸ்) பற்றீரியாவாலா வைரசாலா என்று பார்க்கச் செய்யும் இரத்தப் பரிசோதனை அப்படி அடித்துச் சொல்லாது.

அதில் பார்க்கும் புரோகல்சிற்றோனின் என்ற புரதத்தையே எடுங்கள். சுகமாக இருப்பவர் இரத்தத்தில் அது மிகச் சொற்பம். பற்றீரியா தாக்கினால் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி மட்டுமில்லாமல் வேறு பல உறுப்புகளும் அதைச் செய்யத் தொடங்கி, சில மணி நேரத்தில் அளவு கூடிவிடும்; வைரஸ் வந்தால் உடல் விடும் இன்டர்பெரோன் என்ற புரதம் அதை அமுக்கிவிடுவதால் பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. சி.ஆர்.பி. என்ற இன்னொரு புரதம் ஈரல் செய்வது, ஏறுவது இன்னும் மெதுவாக, அதுவும் அடிபட்டாலும் ஒப்பரேஷன் செய்தாலும்கூட ஏறும்.

'தடயம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் தடயம் கள்ளன் விட்டுப்போவது. இவை இரண்டும் கிருமி விட்டுப்போனவை இல்லை, நம் உடம்பு போடும் சத்தம். தோட்டத்து லயன் வீட்டு நாய் குரைப்பது மாதிரி: யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும், ஆனால் அது சிறுத்தைக்கும் குரைக்கும். பிசிஆர் என்ற பரிசோதனையில் அகப்படும் கிருமியின் மரபுப்பொருளுக்குத் 'தடயத்தை' வைத்துக்கொள்ளலாம். 'குருதிக்குறி' வேண்டாம், 'நோய்க்குறி' ஏற்கெனவே இருக்கிறது, குறி சொல்லும் கோடாங்கியும் கூடவே வந்துவிடுவார்.

அதனால்தான் 'துப்பு'. துப்புக் கிடைத்தது என்றால் ஆள் பிடிபட்டான் என்று யாரும் நினைப்பதில்லை. "இரத்தம் பார்த்தாச்சே, பிள்ளைக்கு முதுகில ஊசி போட்டுத் தண்ணி எடுக்கிறது எதுக்கு?" என்று, மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ்ந்த நீரை எடுக்கும்போது கேட்கும் தாய்க்கு, "துப்புத்தான் கிடைச்சிருக்கு, உறுதியாக்க அந்தத் தண்ணி வேணும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். குறிகாட்டியே காட்டிவிட்டது என்றால் அவர் கேட்பதும் நியாயம்தானே.

முதலில் 'குருதித்துப்பு' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு "யாருக்கு டிபி?" என்றார். சரி, அதை அழித்துவிட்டேன். இப்போதைக்கு 'நோய்த்துப்பு', இடம் சொல்ல வேண்டுமானால் 'இரத்தத்தில் காணும் நோய்த்துப்பு'. எச்சிலில் பார்க்கும் மார்க்கருக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள்.