குதிரை மசால் ஒத்துக்கொள்ளாத குதிரைக்கு எந்த உலர்புல்லை நறுக்கிப் போடலாம்?

வணக்கம். கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பெண் குதிரைக்கு லேமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி வந்து, இப்போதுதான் நடை சீராகியிருக்கிறது. சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 முதல் 12 சதவீதத்தைத் தாண்டாத தீவனம்தான் போட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மொலாசஸ் என்ற சர்க்கரைப்பாகு கலந்த மூட்டைத் தீவனம் எதுவும் ஆகாது.

இந்த நிலைக்கு எல்லோரும் சொல்வது குதிரை மசால் (லூசர்ன்) என்ற தீவனப் பயிர். சர்க்கரை குறைவு, கால்சியம் நிறைய. ஆனால் இவளுக்கு மசால் தின்றாலே உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது, பாவம்.

கோ-4 எளிதாகக் கிடைக்கும்தான். ஆனால் அந்தக் கம்பு நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் வயிற்றில் அது பெரும்பாலும் சிதைந்துவிடும். குதிரைக்கு அப்படியில்லை, கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்து, நாளடைவில் முகத்து எலும்பு வரை வீங்க வைத்துவிடும். மலையில் மண்டிக் கிடக்கும் கிக்குயு புல்லுக்கும் இதே குறை உண்டு. மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போடுபவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

அதனால் இவற்றுக்குப் பதிலாக ரோட்ஸ் புல்லைத் தேடுகிறேன்; அதைக் காயவைத்து விற்பவர்கள் வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிறார்களா? நறுக்காமல் கொடுத்தாலும் சரி, சாப் கட்டர் எங்களிடம் உண்டு. ஓட்ஸ் உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, லேமினைட்டிஸ் வந்த குதிரைக்குக் கொடுத்தவர்கள் உண்டா? அப்புறம், இந்த மூடுபனியில் உலர்புல் பூசணம் பிடிக்காமல் எப்படி வைக்கிறீர்கள்? மசாலை நிறுத்தியதால் கால்சியத்துக்கு என்ன கொடுக்கலாம் என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.