புதுப்பிப்பு: நெகிழிக் கந்தகத்தின் உள்ளமைப்பு

உருக்கிய கந்தகத்தைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால் ரப்பர்போல இழுபடும் பொருள் (நெகிழிக் கந்தகம்) கிடைப்பது ஏன், அது பிறகு நொறுங்குவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். அதன்பின் படித்துத் தெளிந்ததை இங்கே சேர்க்கிறேன்.

கந்தகத்தில் உள்ள, எட்டு அணுக்கள் கொண்ட கிரீட வடிவ வளையங்கள் சுமார் 159 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறந்து, முனையோடு முனை இணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. எளிதில் ஓடிக்கொண்டிருந்த திரவம் 187 டிகிரியை ஒட்டி மிகுந்த பிசுப்புத்தன்மை அடைவது இதனால்தான். சட்டென்று குளிர்விக்கும்போது அச்சங்கிலிகள் வளையங்களாக மீள அவகாசம் இருப்பதில்லை.

என்னை மிகவும் ஈர்த்தது இழுத்து நீட்டிய இழையின் அமைப்பு. அதில் ஒவ்வொரு சங்கிலியும் மூன்று சுற்றுக்குப் பத்து அணுக்கள் என்ற கணக்கில் சுருளாக முறுக்கிக்கொண்டு, ஏறத்தாழ 13.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் அதே ஒழுங்கைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. வலஞ்சுழிச் சுருள்களும் இடஞ்சுழிச் சுருள்களும் அருகருகே அடுக்கப்பட்டிருப்பதை எக்ஸ் கதிர் ஆய்வுகள் வெளிப்படுத்தின. எத்தனை நேர்த்தியான ஒழுங்கு!

நெகிழ்ச்சிக்குச் சங்கிலிகள் மட்டும் காரணமல்ல. அவற்றினிடையே சிக்கிய வளையங்கள்தாம் சங்கிலிகளை நகரவிடுகின்றன. கார்பன் டைசல்ஃபைடு என்ற கரைப்பான் திரவத்தில் வளையங்கள் கரைந்துவிட, சங்கிலிகள் கரையாமல் தங்கிவிடும். நாளடைவில் வளையங்கள் படிகமாகப் பிரிய, சங்கிலிகளும் சிறுகச் சிறுக வளையங்களாக மாற, பொருள் மஞ்சள் நிறமேறி நொறுங்குகிறது.