மறு: ஃபுட் பிளாட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> காட்டு மான்கள் வந்து தின்பதற்காக விதைத்துவிடும் நிலத்துண்டு. 'தீவனப் பாத்தி' போதாதா?

அன்புடையீர்,

பாத்தி சரிவராது. கீரைக்கும் வெங்காயத்துக்கும் வரப்பு கட்டித் தண்ணீர் பாய்ச்சுவதுதான் பாத்தி. அமெரிக்காவின் மிச்சிகனிலோ விஸ்கான்சினிலோ ஒருவர் காட்டோரமாக அரை ஏக்கரைத் திருத்தி கிளோவர் (மூன்று சிற்றிலை கொண்ட ஒரு பயறுவகைச் செடி) தூவுகிறார். அங்கே வரப்பும் கிடையாது, பாசனமும் கிடையாது.

'தீவனம்' என்ற சொல்தான் இன்னும் பெரிய சிக்கல். நம் வழக்கில் அது அறுத்து வந்து போடுவது, இல்லையென்றால் மூட்டையில் வாங்கிக் கொட்டுவது. அங்கே சட்டமே கொட்டும் தீனியையும் விதைத்த பயிரையும் பிரித்துப் பார்க்கிறது. மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் மானுக்குத் தீனி கொட்டுவதற்கும், இரை வைத்து வேட்டையாடுவதற்கும் 2019இல் தடை வந்தது. மக்காச்சோளத்தை ஓரிடத்தில் குவித்தால் பல மான்கள் அதே குவியலில் வாய் வைக்கும். எச்சில் வழியாக, மான்களைக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் (CWD) தொற்றும். விதைத்து வளர்ந்து நிற்கும் பயிரை அந்தத் தடை தொடவில்லை. 'தீவனம்', 'இரை' இரண்டில் எதைச் சேர்த்தாலும், தடை செய்த ஒன்றின் பெயரைத் தடையில்லாத ஒன்றுக்குச் சூட்டியதாகிவிடும்.

'புனம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பரணும் கவணுமாகக் காவல் இருந்து விலங்கை விரட்டிய நிலம் அது. இங்கே கதை தலைகீழ். 'கொல்லை' பற்றி நான் வாய் திறக்கவில்லை, தஞ்சைக்காரர்கள் சிரிப்பார்கள்.

என் பரிந்துரை, மேய்புலம். விலங்கு தானாக வந்து, நிற்கும் பயிரைத் தின்றால் அது மேய்ச்சல். புலம் என்பது பட்டாவில் 'புல எண்' என்று பார்க்கிறோமே, எல்லை உள்ள துண்டு. தானாகப் புல் கிடக்கும் இடத்துக்கு 'மேய்ச்சல் நிலம்' ஏற்கெனவே இருக்கிறது. விதைத்து உண்டாக்கியதற்கு இதை ஒதுக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், ஆண்டுதோறும் விதைக்காமலே தழைக்கும் செடியைக் குறிக்கும் 'பெரினியல்' என்பதற்கு 'வற்றாத தாவரம்' என்று இணையத்தில் ஒரு மொழிபெயர்ப்பு சுற்றுகிறது. வற்றாதது ஆறு. செடிக்குப் 'பல்லாண்டு' போதும்: பல்லாண்டு மேய்புலம்.

'ஸ்பிரிங் ஃபுட் பிளாட்' என்பதில் வரும் வசந்தத்தை எங்கே சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். விதைக்கும் பருவமா, மேயும் பருவமா? வெள்ளைக் கிளோவரைப் பிப்ரவரி, மார்ச்சில், நிலம் இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் மேலாகத் தூவிவிடுவார்கள். மண் உப்பி அடங்கும்போது விதை தானே உள்ளே இறங்கிவிடும், உழவு வேண்டாம். இதற்கு 'உறைபனி விதைப்பு' என்று சொல்லலாம். முதல் ஆண்டில் செடி சிறியது, பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அடுத்த வசந்தத்தில் பனி உருகியதும் பழைய செடி சீக்கிரமே தழைத்துவிடும். பிணைகள் (பெண் மான்கள்) சினையாக இருப்பதும், கலைகளுக்கு (ஆண் மான்களுக்கு) புதுக் கொம்பு முளைப்பதும் அதே நேரம். புரதம் அப்போதுதான் தேவை. ஆகவே 'வசந்த மேய்புலம்' என்றால் வசந்தத்தில் மேயக் கிடைப்பது என்று மட்டும் கொள்வோம். விதைப்பைக் குறிக்க 'வசந்த விதைப்பு' என்று தனியாகச் சொல்லிவிடலாம்.

---

> மேய்புலம் எனக்குச் சம்மதம். ஆனால் மான் மாடுபோல மேய்வதில்லையே, தளிரும் மொட்டுமாகப் பொறுக்கிக் கறிக்கிறது. இன்னொன்று, குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் என்று நம் உழவர்களிடம் ஒரு வரிசையே இருக்கும்போது, கிளோவரை 'மூவிலை மசால்' எனலாமா?

கறித்தல் அருமையான சொல். காட்டுக்குள் மான் செய்வதற்கு அதையே வைத்துக்கொள்வோம். கிளோவரில் இறங்கிவிட்டால் வெள்ளைவால் மானும் குனிந்து மேயத்தான் செய்கிறது, எனவே மேய்புலம் நிற்கும்.

மூவிலை மசால் ஆசையாக இருக்கிறது, ஆனால் குதிரைமசாலுக்கும் சிற்றிலை மூன்றுதான். அதையும் இதே நிலங்களில் விதைக்கிறார்கள் என்பதால் குழப்பம் நிச்சயம். கிளோவர் என்றே இருக்கட்டும். சிக்கரியையும் தொட வேண்டாம். காபிப் பொடியில் கலக்கும் அதே செடிதான். நாம் வேரைக் குடிக்கிறோம், மான் இலையைத் தின்கிறது.

கிளோவர் விதையில், வேர்முடிச்சில் தங்கித் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் கலப்பதற்கும் புதுச்சொல் தேவையில்லை. 'ரைசோபியம் விதை நேர்த்தி' என்பது நம் விவசாயிகளுக்குப் பழகிய சொல். நிலக்கடலைக்கு உரிய ரைசோபியம் கிளோவருக்கு ஆகாது என்று மட்டும் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒன்று பாக்கி. மேய்புலத்தின் நடுவே கம்பி வலையை வட்டமாக நட்டு வைப்பார்கள். உள்ளே பயிர் முழங்கால் உயரம், வெளியே தரையோடு தரை என்றால் மான் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். 'கூண்டு' என்றால் விலங்கு உள்ளே இருப்பதாகத் தோன்றுகிறது. இங்கே விலங்கு வெளியே நிற்கிறது. 'மேயா வட்டம்' என்று எழுதிப் பார்த்தேன், முழுத் திருப்தி இல்லை. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.