ஒரே கப்பல், இரண்டு பார்சல்: சிஸ்டத்தில் டிமரேஜ் 108,000 டொலர், கப்பல்காரர் கேட்பது 18,000. எங்கே பிசகு?

மட்டக்குளி_வாணி

வணக்கம். கொழும்புக் கோட்டையில் ஒரு உர இறக்குமதிக் கம்பனியில் ஒப்பரேஷன் பக்கம் வேலை செய்கிறேன். கொள்வனவு, விற்பனை, கப்பல், கணக்கு எல்லாம் ஒரே டிரேடிங் மென்பொருளில்தான் ஓடுகிறது. மே மாதக் கப்பல் ஒன்றின் டிமரேஜ் (குறித்த நேரத்துக்குள் இறக்கி முடிக்காததற்குக் கப்பல்காரருக்குக் கட்டும் தாமதக் கட்டணம்) கணக்கு அதில் தலைகால் புரியாமல் நிற்கிறது. கணக்குப் பிரிவு என் மேசைக்கே வந்து கேட்கத் தொடங்கிவிட்டது.

விபரம் இதுதான். மூட்டை கட்டாத யூரியா 24,000 தொன். வொயேஜ் சார்ட்டரில், அதாவது ஒரு பயணத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த கப்பல்; சார்ட்டர் பார்ட்டி (கப்பல் வாடகை ஒப்பந்தம்) ஜென்கொன் 1994 என்ற பொதுப் படிவம். கொழும்பில் இரண்டு வாங்குநர்கள்: ஒருவருக்கு 14,000 தொன், மற்றவருக்கு 10,000 தொன். இறக்கும் வேகம் ஒரு வெதர் வேர்க்கிங் டேக்கு (மழையால் நின்ற நேரம் சேராத வேலைநாள்) 3,000 தொன், அதாவது லேடைம் (இறக்குவதற்கு அனுமதித்த நேரம்) 8 நாள். ஞாயிறும் விடுமுறை நாட்களும் சேராது. டிமரேஜ் நாளுக்கு 12,000 டொலர், ப்ரோ ராட்டா (அரை நாள் என்றால் அரைப் பங்கு).

கப்பல் என்.ஓ.ஆர். (வந்துவிட்டேன், இறக்கத் தயார் என்ற அறிவிப்பு) கொடுத்தது 2025 மே 8 வியாழன் காலை 10:30. மழைக்காக ஹட்ச் (சரக்கறை வாய்) மூடிய நேரம் 14, 15 ஆம் திகதிகளில் மொத்தம் 9 மணித்தியாலம். இறக்கி முடிந்தது மே 22 வியாழன் காலை 10:00.

கப்பல்காரரின் கோரிக்கை 18,000 டொலர். சிஸ்டம் அக்ருவல் (கட்ட வேண்டிவரும் என்று முன்கூட்டிப் பதியும் செலவு) போட்டிருப்பது 108,000. ஃப்ரெய்ட் (கப்பல் கூலி) மட்டும் சதம் பிசகாமல் இன்வொயிஸுடன் பொருந்துகிறது. அதனால்தான் இன்னும் குழப்பம். யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

சிஸ்டம்_சிவா

முதலில் நேர வலயத்தைப் பாருங்கள். பல மென்பொருட்கள் நேரத்தை உள்ளே கிரீன்விச் நேரமாகத்தான் வைக்கின்றன. நீங்கள் 10:30 என்று அடித்தது உள்ளே 05:00 ஆக இருக்கலாம்.

மட்டக்குளி_வாணி

பார்த்தேன் அண்ணா. துறைமுக உள்ளூர் நேரம் என்றுதான் இருக்கிறது. அப்படியே தவறாக இருந்தாலும் ஐந்தரை மணித்தியால வித்தியாசத்துக்கு 90,000 டொலர் வராதே.

சரக்குக்_கணக்கு

டொலரை விடுங்கள், நாளாக மாற்றிப் பாருங்கள். 108,000 ஐ 12,000 ஆல் வகுத்தால் 9 நாள். மே 22 காலை 10 மணியிலிருந்து 9 நாள் பின்னால் போனால் மே 13 காலை 10 மணி. அந்த நேரத்தில் லேடைம் முடிந்திருக்க வழியே இல்லை. எந்த நாளையும் கழிக்காமல் எண்ணினாலும் 8 ஆம் திகதி மதியத்திலிருந்து 13 காலை வரை 5 நாள்கூட ஆகவில்லை.

ஆகவே அந்த 9 நாள் ஒரே கணக்கிலிருந்து வந்திருக்காது. நாலரையும் நாலரையும் என்று என் மனது சொல்கிறது. இரண்டு வாங்குநருக்கும் தனித்தனியாக ஷிப்மென்ட் திறந்தீர்களோ?

மட்டக்குளி_வாணி

ஆம், தனித்தனியாகத்தான். விற்பனை ஒப்பந்தம் இரண்டு, பி.எல். (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பத்திரம்) இரண்டு. அதனால் இரண்டு ஷிப்மென்ட். இப்போது உள்ளே போய்ப் பார்த்தேன்: ஒவ்வொன்றிலும் 54,000 டிமரேஜ் இருக்கிறது! ஆனால் ஃப்ரெய்ட் ஏன் இரட்டிப்பாகவில்லை?

சரக்குக்_கணக்கு

ஃப்ரெய்ட் தொன் கணக்கு. 14,000 ஐயும் 10,000 ஐயும் தனித்தனியே பெருக்கிக் கூட்டினாலும் 24,000 க்கு உரிய தொகைதான் வரும். டிமரேஜ் நேரக் கணக்கு. கப்பல் ஒரு மணித்தியாலம் நின்றால் இரண்டு ஷிப்மென்டும் அதே ஒரு மணித்தியாலத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும். ஃப்ரெய்ட் சரியாக இருப்பதால் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் கணக்கு ஆட்களின் பழக்கம் தெரியும்தானே, மொத்தம் பொருந்தினால் டிக் போட்டுவிட்டு அடுத்த கோப்பு.

பாதிப் பிரச்சினை இது. ஆனால் 54,000 உம் 18,000 இல்லையே. இன்னும் மூன்று நாள் எங்கேயோ இருக்கிறது.

பழைய_ஏஜென்ட்

தங்கச்சி, திகதியைப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. மே 12 திங்கள் வெசாக். 13 செவ்வாய் வெசாக்குக்கு மறுநாள், அதுவும் விடுமுறை. அந்த இரண்டு நாளும் ஞாயிறும் வேலை நடந்ததா? சார்ட்டர் பார்ட்டியில் 'வேலை நடந்தால் சேரும்' என்று இருக்கிறதா, 'நடந்தாலும் சேராது' என்று இருக்கிறதா?

மட்டக்குளி_வாணி

நடந்தாலும் சேராது என்றுதான் இருக்கிறது. அந்த மூன்று நாளும் வாங்குநர்களின் களஞ்சியங்கள் மூடியிருந்தன, லொறி வரவில்லை. எஸ்.ஓ.எஃப். (துறைமுகத்தில் நடந்ததை நேரவாரியாக எழுதும் பதிவு) இலும் வேலை இல்லை என்றே எழுதியிருக்கிறது. ஆனால் அண்ணா, வெசாக் இரண்டு நாள்தானே? சரக்குக்_கணக்கு சொல்வது மூன்று நாள்.

பழைய_ஏஜென்ட்

அந்த மூன்றாவது நாளில்தான் விஷயம் இருக்கிறது. பேப்பரில் போட்டுக் காட்டுகிறேன், நீங்களும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

ஜென்கொன் 1994 இல் நண்பகல் 12 வரை என்.ஓ.ஆர். கொடுத்தால் லேடைம் அன்றே 13:00 க்குத் தொடங்கும். நண்பகலுக்குப் பின் அலுவலக நேரத்துக்குள் கொடுத்தால் அடுத்த வேலைநாள் காலை 06:00. உங்கள் கப்பல் 10:30 க்குக் கொடுத்திருக்கிறது, ஆகவே 8 ஆம் திகதி 13:00. உங்களிடம் இருப்பது 8 நாள், அதாவது 192 மணித்தியாலம்.

வியாழன் 11. வெள்ளி, சனி 48. மொத்தம் 59. ஞாயிறு, வெசாக், மறுநாள் மூன்றும் பூச்சியம். 14 புதனிலிருந்து 17 சனி வரை நான்கு நாள் 96, அதில் மழை 9 போக 87. மொத்தம் 146. 18 ஞாயிறு பூச்சியம். 19 திங்கள் 24, மொத்தம் 170. மிச்சம் 22. ஆகவே லேடைம் முடிவது 20 செவ்வாய் இரவு 22:00. அதிலிருந்து 22 வியாழன் காலை 10:00 வரை 36 மணித்தியாலம், ஒன்றரை நாள், 18,000 டொலர். கப்பல்காரர் நேர்மையாகத்தான் கேட்டிருக்கிறார். எப்போதும் அப்படி நடக்காது, அது வேறு கதை.

இப்போது உங்கள் சிஸ்டம் செய்ததைப் பாருங்கள். அதற்கு வெசாக் தெரியாது. 12, 13 இரண்டையும் 48 மணித்தியாலமாகச் சேர்த்துவிட்டது. லேடைம் 17 சனி இரவு 22:00 க்கே முடிந்துவிடுகிறது. டிமரேஜில் விழுந்த கப்பல் டிமரேஜிலேயே நிற்கும், அதன்பின் ஞாயிறும் கிடையாது, மழையும் கிடையாது. ஆகவே 18 ஞாயிறு முழுதும் காசு கணக்கில் ஏறிவிட்டது. இரண்டு நாள் விடுபட்டது மூன்று நாள் டிமரேஜாக வந்தது அப்படித்தான். சனி 22:00 இலிருந்து வியாழன் 10:00 வரை நாலரை நாள், 54,000.

மட்டக்குளி_வாணி

அண்ணா, கும்பிடலாம் போல இருக்கிறது. துறைமுகப் பட்டியலைத் திறந்தேன். கொழும்புக்கு நாட்காட்டியில் ஞாயிறு மட்டும் டிக். விடுமுறைப் பட்டியல் வெறுமை. யாருமே நிரப்பவில்லை.

அப்படியென்றால் இதை எப்படித் திருத்துவது? ஷிப்மென்ட் இரண்டையும் அழித்துத் திரும்பப் போட வேண்டுமா? பி.எல்., இன்வொயிஸ் எல்லாம் அதோடு ஒட்டியிருக்கிறது.

சிஸ்டம்_சிவா

அழிக்க வேண்டாம், அழித்தால் ஓடிட்டர் வந்து உட்காருவார். பெரும்பாலான டிரேடிங் மென்பொருட்களில் ஷிப்மென்டுக்கு மேலே வொயேஜ் என்று ஒரு அடுக்கு இருக்கும். ஒரு வொயேஜ் திறந்து, சார்ட்டர் பார்ட்டியை அதில் இணைத்து, இரண்டு ஷிப்மென்டையும் அதன் கீழே கொண்டுவாருங்கள். லேடைம் கணக்கு வொயேஜின் போர்ட் கோலில் (துறைமுக வருகைப் பதிவில்) ஒரு தடவை மட்டும் ஓட வேண்டும். ஷிப்மென்ட் மட்டத்தில் உள்ள லேடைம் தெரிவை நிறுத்திவிடுங்கள். பழைய அக்ருவலை ரிவர்ஸ் செய்துவிட்டு மறுபடி ஓட விடுங்கள். முதலில் டெஸ்ட் சூழலில்.

நாட்காட்டியைக் கம்பனிக்கு ஒட்டாதீர்கள், துறைமுகத்துக்கு ஒட்டுங்கள். யூரியா வளைகுடாவில் ஏற்றினால் அங்கே பல நாடுகளில் வெள்ளிதான் விடுமுறை, சார்ட்டர் பார்ட்டியிலும் ஞாயிறுக்குப் பதில் வெள்ளி என்று வரும். ஏற்றும் இடத்துக்கும் இறக்கும் இடத்துக்கும் ஒரே நாட்காட்டி போட்டால் மறுபடி இதே கூத்து.

பழைய_ஏஜென்ட்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) ஒவ்வொரு வருடமும் திகதி மாறும், 'சென்ற வருடத்தைக் கொப்பி பண்ணு' பட்டனை அமுக்கினால் போச்சு. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜும் அப்படித்தான், பிறையைப் பார்த்துத்தான் உறுதியாகும். வர்த்தமானியில் வருடா வருடம் வரும் பட்டியலை ஒருவர் பொறுப்பெடுத்து ஏற்ற வேண்டும். பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று நம் நாட்காட்டியில் மூன்று குறி இருக்கிறது. சார்ட்டர் பார்ட்டி எதைச் சொல்கிறது என்று வாசித்துவிட்டு ஏற்றுங்கள்.

மட்டக்குளி_வாணி

டெஸ்டில் ஓட்டிப் பார்த்தேன். 18,000 சரியாக வந்துவிட்டது. நன்றி எல்லாருக்கும்.

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. சிஸ்டம் இதை இரண்டு வாங்குநருக்கும் தொன் அடிப்படையில் பிரித்து 10,500, 7,500 என்று காட்டுகிறது. இப்படியே டெபிட் நோட் (பணம் கேட்கும் பற்றுச்சீட்டு) அனுப்பலாமா?

சரக்குக்_கணக்கு

அவசரப்படாதீர்கள். சிஸ்டம் செய்வது வெறும் செலவுப் பங்கீடு. வாங்குநர் தர வேண்டுமா என்பதை விற்பனை ஒப்பந்தம்தான் சொல்லும். சார்ட்டர் பார்ட்டியில் உங்களோடு கையெழுத்திட்டவர் கப்பல்காரர், வாங்குநர் இல்லை. ஒப்பந்தத்தில் டிமரேஜ் பிரிவு இருக்கிறதா, வேகமும் வீதமும் சார்ட்டர் பார்ட்டியோடு ஒத்துப்போகிறதா, கோரிக்கை அனுப்பக் காலக்கெடு உண்டா, மூன்றையும் பாருங்கள். பிரிவே இல்லையென்றால் கேட்பதற்கு உங்களிடம் பிடி இல்லை.

மட்டக்குளி_வாணி

14,000 தொன் ஒப்பந்தத்தில் 'சார்ட்டர் பார்ட்டியின்படி' என்று இருக்கிறது, காலக்கெடுவும் தாண்டவில்லை. 10,000 தொன் ஒப்பந்தத்தில் டிமரேஜ் பற்றி ஒரு வரிகூட இல்லை. 10,500 க்கு எஸ்.ஓ.எஃப். உடன் டெபிட் நோட் இன்றைக்கே போகிறது. 7,500 ஐ எங்கட செலவாகப் போடுகிறேன். அந்த ஒப்பந்தப் படிவத்தை டிரேடர் மேசைக்கு அனுப்பிவிட்டேன், அடுத்த கப்பலுக்கு முன் பிரிவைச் சேர்க்கச் சொல்லி.

சிஸ்டம்_சிவா

பழைய கப்பல்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரே கப்பலில் இரண்டு பார்சல் வந்த எல்லாவற்றிலும் இந்த இரட்டிப்பு இருக்கும்.